ஆபரேட்டர் வீட்டுத் தொட்டி

வா தாயி, வா. ஜெபக்கனிதான உன் பேரு? கழுத்துல தொங்குத சுகாதார ஆபீஸ் அட்டையில அப்பிடித்தான் போட்டிருக்கு. உள்ள வா. ஏய், ஏய், எங்க போற? தொட்டிப் பக்கம் அப்புறம் போகலாம். டார்ச்சையும் கரண்டியையும் அந்தத் துவைக்கிற கல்லு மேல வை. முதல்ல நான் சொல்லுததைக் கேளு. கேட்டுட்டு, அதுக்குப் பிறகு என்ன எழவைப் பாக்கணுமோ பாரு.

போன திங்கக்கிழமை வந்தல்லா? பின்னால போயி, தொட்டியில கரண்டியை விட்டு மோந்து, வெள்ளைக் கிண்ணத்துல ஊத்தி என் மூஞ்சிக்கு நேரா நீட்டின. "சார், கொசுப்புழு இருக்கு"ன்ன. அடுக்களைக் கதவுல உங்க ஆபீசுல மாட்டியிருக்கிற அட்டையை எடுத்து, சிவப்பு மையில "புழு உள்ளது"ன்னு எழுதி, கையெழுத்தும் போட்ட. "ரெண்டு மீன் வாங்கி விடுங்க சார், புழுவைத் தின்னுரும். இல்லன்னா நான் மருந்து ஊத்துதேன்"னு சொன்ன. நான் மருந்தும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்னுட்டேன். நீ பையைத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்ட. உனக்கென்ன, ஒரு நாளைக்கு அம்பது வீடு. அம்பதுல ஒண்ணு இது. நீ போனதுக்குப் பிறகு இந்த வீட்டுல என்ன நடந்துதுன்னு தெரியுமா உனக்கு?

மொதல்ல நான் யாருன்னு தெரியுமா? முப்பத்தொரு வருசம் இந்த ஊருக்குத் தண்ணி குடுத்தவன். நகராட்சி டேங்க் ஆபரேட்டர் நயினார்னு சொன்னா பெரிய பஜார் வரைக்கும் தெரியும். மேட்டுத்தெருவுல நிக்குதுல்லா ஒசரத் தொட்டி, அதோட ஏணியில நான் ஏறின அளவுக்கு நீ உங்க வீட்டு வாசப்படி ஏறியிருக்க மாட்ட. மாசம் ரெண்டு தடவை சுத்தம். அஞ்சாம் தேதி ஒண்ணு, இருவதாம் தேதி ஒண்ணு. தூணுலயே பெயிண்ட்டுல எழுதியிருக்கும். எழுதிப் போட்டுட்டு ஏறாமலே இருக்கிற ஆளும் உண்டு. நான் அப்பிடியாப்பட்ட ஆளு இல்ல. வால்வைத் தொறந்து சொட்டு இல்லாம வடிச்சிருவேன். உள்ள எறங்கி, தென்னந்தொடப்பத்தைப் போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்ப்பேன். பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு நாலு சுவத்துலயும் அடிப்பேன். கழுவுவேன், ரொப்புவேன், குளோரின் போடுவேன். கடைசியில ஒரு குப்பியில தண்ணியப் பிடிச்சு மருந்து ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளா மாறணும். மாறிட்டுதுன்னா குளோரின் இருக்கு, ஒரு கிருமி உசிரோட இல்லன்னு அர்த்தம். என் தண்ணியக் குடிச்சு எவனுக்காவது வயித்தால போச்சுன்னு ஒரு புகார் கெடையாது. அப்பேர்ப்பட்டவன் வீட்டுல புழு! அதுவும் சிவப்பு மையில!

மணியப் பாக்காத. அஞ்சு நிமிசம் நின்னா ஒண்ணும் கொறைஞ்சிராது.

இந்தத் தொட்டி வீடு கட்டும்போது சிமெண்டு வேலைக்குத் தண்ணி நிப்பாட்டக் கட்டினது. எட்டடி நீளம், ஆறடி அகலம், மூணடி ஆழம். வேலை முடிஞ்சதும் கொத்தனாரு இடிச்சிருவோம்னாரு. என் வீட்டுக்காரி பிரமசக்தி "இடிக்க வேண்டாம், கெடக்கட்டும்"னா. எங்க இருந்தோ ஒரு அல்லிக் கெழங்கைக் கொண்டாந்து போட்டா. கடையத்துல அவ தம்பி கோமதிநாயகம் இருக்கான். அவன் ஊர்க் குளத்துல கெண்டைக் குஞ்சு பத்துப் பன்னெண்டு பிடிச்சிட்டு வந்து விட்டான். அவ்வளவுதான், அன்னையில இருந்து அது தொட்டி இல்லையாம், குளமாம்! "குளத்துக்குப் போயிட்டு வாரேன்"ம்பா. பின்வாசல்ல இருந்து பத்தடி தூரம், அதுக்கு இந்தப் பேச்சு.

அதை அவ சுத்தம் பண்ணுத லட்சணத்தையும் சொல்லணும். காலையில எழுந்ததும் அடியில இருந்து ரெண்டு குடம் மோந்து வாழைக்கு ஊத்துவா. பதிலுக்கு ரெண்டு குடம் புதுத் தண்ணி விடுவா. அதுவும் குழாயில இருந்து நேரா விட மாட்டா, டிரம்முல பிடிச்சு ரெண்டு நாள் வெயில்ல வெச்சிருந்து விடுவா. "ஏளா, நான் மருந்து போட்டு அனுப்புத தண்ணியை நீ வெயில்ல வெச்சுக் கெடுக்கியே"ன்னு கேட்டா, சிரிப்பா. பழுத்த இலையைக் கிள்ளுவா. விழுந்த சருகைக் கையால அள்ளுவா. பாசியை ஒரே ஒரு சுவத்துல வழிச்சுட்டு மத்த மூணையும் விட்டுருவா. ஏன்னு கேட்டா, "அதுகளுக்கு வேணும்லா"ன்னு பதில். ஒரு சிட்டிகைத் தவிடு தூவுவா. ஆச்சு, வேலை முடிஞ்சுது. நித்தம் இதே கூத்து, ஏழு வருசம். நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு, சுத்தம்னா முழுசா சுத்தம். கால்வாசிச் சுத்தம்னு ஒண்ணு உண்டா ஒலகத்துல?

என்ன கேட்ட? அந்த ஏழு வருசத்துல மீன் செத்துதான்னா? சாகல. ஒண்ணு கூடச் சாகல. ஒண்ணு பத்தாப் பெருகிச்சு, ஒத்துக்கிடுதேன். அதுக்காக அது சுத்தம்னு ஆயிருமா?

போன சித்திரையோட ரிட்டயர்டு ஆனேன். மாலை போட்டாங்க, சால்வை போத்தினாங்க, ஜீப்புல கொண்டாந்து வீட்டுல விட்டாங்க. மறுநாள் காலையில எழுந்திரிச்சா கைக்கு வேலை இல்ல. பின்னால வந்து தொட்டியை எட்டிப் பாத்தேன். பச்சைப் பசேல்னு நிக்கு. ஆபரேட்டர் வீட்டுலயே இந்தக் கோலமான்னு பதறிட்டு. பெயிண்ட் வாங்கியாந்து தொட்டிச் சுவத்துல "சுத்தம் செய்யும் நாள் 5, 20"ன்னு எழுதினேன். அவ பாத்துட்டு, "இதுக்கு எதுக்குங்க இதெல்லாம்"னா. நான் காதுல வாங்கல.

அஞ்சாம் தேதி எறங்கினேன். மீனைப் பூரா வாளியில பிடிச்சு வெச்சுட்டு, வடிச்சு, தேய்ச்சு, பவுடர் அடிச்சு, கழுவி, ரொப்பி, குளோரினும் போட்டேன். குப்பியில பாத்தா மஞ்சள்னா மஞ்சள், அப்பிடி ஒரு மஞ்சள். அடியில ஒரு காசு கெடந்தாத் தலையா பூவான்னு சொல்லலாம், அவ்வளவு தெளிவு. மீனை விட்டேன். சாயங்காலம் அத்தனையும் மல்லாந்து மெதக்கு. பிரமசக்தி வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. "உன் தம்பி குடுத்தது நோய் மீனு, இத்தனை நாளும் அழுக்குக்குள்ள கெடந்ததால வெளிய தெரியல"ன்னு சொன்னேன்.

கோமதிநாயகம் திரும்பவும் கொண்டாந்தான். இருவதாம் தேதி சுத்தம் பண்ணினேன். திரும்பவும் போச்சு. அவனுக்குக் கோவம் வந்துட்டு. வந்தாலும் மரியாதையாத்தான் பேசினான், பொய் சொல்லக் கூடாது. "அத்தான், பவுடர் போட்ட தண்ணியில மீன் பிழைக்காது அத்தான்"ன்னான். எனக்கு எப்பிடி இருக்கும் பாத்துக்கோ. "ஏ மாப்ள, இதே தண்ணியத்தான் ஊரே குடிக்கு. எவனாவது செத்தானா? மனுசனுக்கு ஒத்துக்கிடுத தண்ணி மீனுக்கு ஒத்துக்கிடாதோ? மீனு என்ன மனுசனை விட ஒசத்தியா?"ன்னு கேட்டேன். காலி வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்குப் பிறகு ரெண்டு மூணு மாசம் அவளும் நானும் இழுபறிதான். நான் தொடப்பத்தை எடுத்தா அவ வந்து குறுக்க நிப்பா. அவன் மூணாவது தடவையும் மீன் குடுத்துவிட்டான், பதினாலு. ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு அவ கடையம் போனா, ரெண்டு நாளைக்கு. போகும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னா, "நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க"ன்னு. அவ போன மறுநாள் இருவதாம் தேதி. நான் என்ன செய்ய? வந்து பாத்தா பளபளன்னு இருக்கும், அசந்து போவா, சந்தோசப்படுவான்னு நெனைச்சேன். அவளுக்காகத்தான் செஞ்சேன், தாயி. அன்னைக்குச் செஞ்ச மாதிரி சர்வீஸ்ல கூடச் செஞ்சதில்ல. நாலு சுவத்தையும் கல்லு தெரியத் தேய்ச்சேன். அல்லி வேர்ல ஒரே சகதி, அதையும் பிடுங்கிக் கடாசிட்டேன்.

பத்து மீன் போச்சு. நாலு மட்டும் பழைய வாளியில, பழைய தண்ணியில, பாசியோட கெடந்துது. எடுத்து விட மறந்துட்டேன். அந்த நாலும் துள்ளுது! சுத்தமான தண்ணியில விட்டது செத்துப் போகுது, அழுக்கு வாளியில கெடந்தது துள்ளுது. இதுல ஏதாவது நியாயம் இருக்கா? நன்றி கெட்ட சென்மங்க.

பிரமசக்தி வந்தா, பாத்தா. அழல. கத்தல. அந்த வாளியைத் தூக்கினா, "இந்த நாலையாவது பிழைக்க வைக்கேன்"னா, வந்த காலோட திரும்பிட்டா. பட்டுச்சேலையைக் கூட மாத்தல. ஆபரேட்டர் பெண்டாட்டி வாளியைத் தூக்கிட்டு பஸ் ஏறுதான்னு பஸ்டாண்டே வேடிக்கை பாத்திருக்கு. எனக்கு எவ்வளவு கேவலம்!

போனா போகட்டும்னு இருந்தேன். இருந்துரலாம்னுதான் நெனைச்சேன். ஒரு மாசம் இருந்தேன். சோறு பொங்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். வீட்டுல ஒரு தூசி கெடையாது, நீயே பாரு. ஆனா காலையில எழுந்தா பேசுததுக்கு ஆளில்ல. சண்டை போடுததுக்குக் கூட ஆளில்ல. சுவத்தைப் பாத்துக் கத்த முடியுமா? ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு அவ வேணும் தாயி. சொல்லிட்டேன், போ. கட்டிக் குடுத்த மகட்ட கூட இதை நான் சொன்னதில்ல.

ஐப்பசியில போன் போட்டேன். அவ ஒரு கண்டிசன் போட்டா. "ஒரு மாசம் அதைத் தொடாம இருங்க. வடிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு இந்த நாலையும் தூக்கிட்டு வாரேன். அதுக இருக்கிற மாதிரி தண்ணி இருந்தா நானும் இருக்கேன். இல்லன்னா அதே பஸ்ஸுல திரும்பிருவேன்"னா. சரின்னுட்டேன்.

அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு இருக்கே. அஞ்சாம் தேதி வந்துது, கை அரிக்கு. தொடப்பத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு ஏணியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். இருவதாம் தேதி காலையிலயே கெளம்பிப் போயி ஆத்துப் படித்துறையில சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். தண்ணி மெள்ள மெள்ளப் பச்சை கட்டுது. சுவத்தைத் தொட்டா வழுக்குது. தண்ணி மேல ஏதோ பூச்சி காலை அகட்டிக்கிட்டு ஓடுது. பாக்கேன், பல்லைக் கடிக்கேன், உள்ள போறேன். சத்தியமா, ஒரு விரல் வைக்கல. என் பெண்டாட்டிக்காக என் வீட்டுல அழுக்கைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தவன் நான்.

போன திங்கக்கிழமைதான் அந்த மாசம் முடியுது. ரெண்டு மணி பஸ்ஸுக்கு வாரேன்னு சொல்லியிருந்தா. நீ ஒன்றரைக்கு வந்த. சிவப்பு மையில எழுதிட்டுப் போன.

நீ என் எடத்துல நின்னு பாரு. இன்னும் அரை மணி நேரத்துல அவ வருவா, அட்டையைப் பாப்பா. தம்பிகிட்டச் சொல்லுவா. கடையம் பூரா சிரிக்கும், ஆபரேட்டர் தொட்டியில புழுன்னு. பொம்பள பேச்சைக் கேட்டு ஒரு மாசம் சும்மா இருந்ததுக்கு இதான் பலனான்னு எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிட்டு. பவுடர் மூட்டை பாதி கெடந்துது. வடிக்க நேரமில்ல. அப்பிடியே கொட்டினேன். கம்பை விட்டுக் கலக்கினேன். கிண்ணத்துல மோந்து மோந்து பாத்தேன். நெளிஞ்சிக்கிட்டுக் கெடந்ததெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிட்டு. அப்பாடான்னு இருந்துது. சட்டையை மாத்திக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன்.

வந்தா. கையில வாளி. மெலிஞ்சு போயிருந்தா. என் மூஞ்சியைப் பாத்து லேசாச் சிரிச்சா, மூணு மாசத்துக்குப் பிறகு. நேரா பின்னால போனா. பாதி வழியிலயே நின்னுட்டா. நெடி அடிச்சிருக்கு போல. கிட்ட போயி, உள்ளங்கையில தண்ணி எடுத்து மோந்து பாத்தா.

"எப்பப் போட்டிய?"ன்னா.

"இப்பத்தான். ஒரு மாசமாத் தொடல, சத்தியமாத் தொடல. புழு வந்துட்டு ஏளா. சுகாதாரத்துல இருந்து ஒரு பிள்ள வந்து காட்டிச்சு. நீ வர்றதுக்குள்ள ஒண்ணு பாக்கி இல்லாமக் கொன்னுட்டேன்"னேன்.

"புழுவா? புழு வந்துட்டா?" அப்பிடின்னு கேக்கா. அவ மூஞ்சியைப் பாக்கணுமே தாயி! வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி ஒரு சிரிப்பு. கேலி பண்ணுதாளோன்னு நெனைச்சேன். "எவ்வளவு இருந்துது?"ன்னா. "கரண்டிக்கு இருவது"ன்னேன்.

"தம்பி சொன்னான், புழு தெரிஞ்சிட்டுன்னா தண்ணி சரியாயிட்டுன்னு. அன்னைக்கே மீனை விட்டுரலாம்னு. அதுகளுக்குத் திங்கவும் ஆச்சு"ன்னா. சொல்லிக்கிட்டே வந்தவ, காலி மூட்டையைப் பாத்தா. அப்பிடியே துவைக்கிற கல்லுல உக்காந்துட்டா. "ஒரு மாசம் இருந்தியளே. இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டா.

சத்தம் போட்டுக் கேட்டிருந்தா நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெள்ளக் கேட்டா. "இரு, வேற தண்ணி பிடிச்சு ஊத்துதேன், வாளியைக் கீழ வை"ன்னேன். "அதுவும் உங்க தண்ணிதான"ன்னுட்டு எழுந்திரிச்சா. தெருமுனை வரைக்கும் பின்னாலயே போனேன். திரும்பிப் பாக்கல.

இப்பச் சொல்லு, தப்பு யாரு மேல? நீ ரெண்டரைக்கு வந்திருந்தா என்ன? எதிர் வீட்டை முன்னாடி பாத்துட்டு வந்திருந்தா என்ன? நீ வராம இருந்திருந்தா அவ இந்நேரம் அந்த அடுக்களையில நிப்பா.

செவ்வாக்கெழமை தொட்டியை வடிச்சேன். வடிச்சிட்டு, மூணு டிரம்முல தண்ணி பிடிச்சு ரெண்டு நாள் வெயில்ல வெச்சு, பிறகு குடம் குடமா ஊத்தினேன், அரையடி நின்னுது. மோட்டார்ல ஏதோ கோளாறு, அதான் குடத்துல ஊத்தினேன். வேற ஒண்ணுமில்ல. முந்தியே பிடுங்கிப் போட்ட அல்லிக் கெழங்கு ஒண்ணு குப்பையில மொளை விட்டுக் கெடந்துது, எடுத்து உள்ள போட்டேன். சுவத்துல எழுதியிருந்ததையும் சுரண்டிட்டேன், பாக்க அசிங்கமா இருந்துது. அதுக்காக நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சிராத.

நேத்து கோமதிநாயகம் போன் போட்டான். "அத்தான், அக்கா சொன்னதைக் கேக்க மாட்டேங்கா. அந்த நாலு மீனையும் குளத்துல விடச் சொன்னாலும் விட மாட்டேங்கா. வாளியிலயே வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. மீனும் பெருத்துட்டு, இன்னும் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், பிறகு நானே கொண்டு போயி விட்டுருவேன்"ன்னான். நான் வாளியிலயே இருக்கட்டும்னேன். குளத்துல விட்டுட்டான்னா பிறகு எதைத் தூக்கிக்கிட்டு வருவா அவ? "திரும்பப் புழு ஏதும் தெரிஞ்சா உடனே சொல்லுங்க, அக்காவை நானே கூட்டியாறேன்"னும் சொன்னான்.

சரி, இப்ப எடு டார்ச்சை. வா. பாத்து, வழுக்கும். அந்த மூலையில மோ, வெயில் படாத எடம் அதுதான். அடி வரைக்கும் விடாத, மேலாப்புல மோ, அதுக மூச்சு விட மேலதான் வரும்னு நீதான சொன்ன. ஊத்து கிண்ணத்துல. என்ன தெரியுது? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, கண்ணாடியை உள்ள வெச்சிட்டேன். அதோ, கருப்பா ஏதோ கெடக்கே. சருகா? நல்லாப் பாரு, சருகுதானா? இன்னொரு கரண்டி எடு. இந்தப் பக்கம் எடு. அவசரப்படாத தாயி, உனக்குக் காப்பி போட்டுத் தாரேன், மெதுவாப் பாரு.

இல்லையா? ஒண்ணு கூடவா? அட்டையைத் தொடாத, இப்ப எழுதாத. எதிர் வீட்டுல பாத்தியா, அங்க இருந்துதா? ஆட்டுக்கல்லுல இருந்துதா, சரி. பக்கத்து வீட்டுல? அங்கயும் இருக்கா. டெய்லர் வீட்டுல? ஒடைஞ்ச பூந்தொட்டியில கூடவா? இந்தத் தெருவுல அத்தனை வீட்டுலயும் இருக்கு, என் வீட்டுல மட்டும் ஏன் இல்ல?